தோற்பதற்கு இருபத்தெட்டு நகர்த்தல்கள்

அப்புக்காத்து உள்ளே வந்தபோது நான் தரையில் இருந்து நொத்தாரிசின் கால்நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் தலைக்கு மேலாக நொத்தாரிசிடம் கேட்டார்.

"எங்களுக்கு ஓர் இந்தியன் வேண்டும். இவளுடைய புருஷன், என் கட்டடத்துப் போர்த்தியேரே, அவன் சரிவருவானா?"

இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குக் காது சூடேறுகிறது.

நான் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஓய்வுபெற்ற நொத்தாரிசு, காணி உறுதியும் உயிலும் எழுதிப் பதிகிறவர். பலெர்மோவில் லிபெர்த்தாப் பகுதியில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வடக்கே மிலானோவில். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. கதவின் விளிம்பு தெரியும், கதவில் நிற்பவரின் முகம் தெரியாது. சமையல், மருந்து, குளிப்பு, நடை எல்லாவற்றுக்கும் நான்தான். இங்கே இந்த வேலைக்குப் பதாந்தே என்று பெயர். அவருடைய நண்பர் வழக்கறிஞர். இத்தாலியில் அவ்வொகாத்தோ, யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்புக்காத்து என்போம். ஒலி கிட்டத்தட்ட ஒன்று, தோரணை முழுக்க ஒன்று. இரண்டு தெரு தள்ளி அவர் குடியிருக்கும் கட்டடத்தில்தான் என் கணவர் போர்த்தியேரேயாக வாசலில் உட்கார்ந்து, கதவு திறந்து, தபால் பிரித்து, படி துடைக்கிறார்.

இருவரும் ஒரு செஸ் கழகத்தின் உறுப்பினர்கள். நொத்தாரிசு ஐம்பது வருடமாக. அப்புக்காத்து தலைவர். கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது என்பதை அவர்கள் இருவரும் தங்கள் சொந்தச் சாதனைபோலச் சொல்வார்கள்.

நொத்தாரிசின் வீட்டில் ஒரு சுவர் முழுக்கச் செஸ் புத்தகங்கள். கண் போன பிறகு அவற்றை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "உனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அவருக்கு நான் நீ. எனக்கு அவர் நீங்கள். தெரியும் என்றேன். அன்றிலிருந்து தினமும் ஒன்றரை மணித்தியாலம் வாசித்தேன். என் ஒப்பந்தத்தில் வாசிப்பு இல்லை. அதை நானும் பெரிதாக எடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் நான்கு வருடம் ஆடியவள் நான். கடைசி இரண்டு வருடமும் முதலாம் பலகை. சோதனை வந்தது, கலியாணம் வந்தது, விமானம் வந்தது, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்கு வரிசையில் நிற்க வந்தது. பலகையைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருந்தது.

அவர் விரும்பிக் கேட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றித்தான். என்ன சண்டை பிடித்திருக்கிறார்கள்! தொடக்கத்தில் சட்டமே ஒன்றாக இருக்கவில்லை. இத்தாலிக்காரர் கோட்டை கட்டும்போது ராஜாவையும் கோட்டையையும் தங்களுக்கு வசதியான கட்டங்களில் வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டுக்காரருக்கு ஒரே இடம்தான். இங்கே பெரிய வீரனாக இருந்தவன் வெளியே போனால் கால் தடுக்கி விழுந்தான். அந்தச் சட்டத்தை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை பிடித்தது. லண்டனில் நடந்த முதல் பெரிய சர்வதேசப் போட்டியில் மணிக்கூடு கிடையாது. தோற்கப்போகிறவர் ஒரு காயை நகர்த்த மணிக்கணக்காக யோசிப்பார். எதிரில் இருப்பவர் களைத்து விழட்டும் என்று. அதற்குப் பிறகுதான் மணல் கடிகாரம் வந்தது, அதற்கும் பிறகு இரண்டு முகம் வைத்த மணிக்கூடு. செஸ் ஆடியே பிழைத்தவர்களிடம் கனவான்கள் பாடம் கற்றார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடவில்லை. பெண்களுக்கு என்று ஒரு சர்வதேசப் போட்டி வைக்க நூற்றாண்டு முடியும் தறுவாய்வரை காக்கவேண்டியிருந்தது. ஈயம் வைத்த கனமான காய்களை மணிக்கணக்காகத் தூக்கினால் பெண்கள் களைத்துப்போவார்கள் என்று அப்போது ஆண்கள் கவலைப்பட்டார்களாம். இதை வாசித்தபோது நொத்தாரிசு ரசித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எண்பத்திரண்டு கிலோ நொத்தாரிசை ஒவ்வொரு நாளும் குளியல் தொட்டியிலிருந்து தூக்கி எடுப்பவள் நான்.

புத்தகத்தில் உள்ள ஆட்டங்களை அவர் பலகையில் வைக்கச் சொல்வார். விரலால் தடவிப் பார்ப்பார். ஒருநாள் அவர், "இங்கே வெள்ளைக்கு வேறு வழியே இல்லை" என்றார்.

"குதிரை இருக்கிறதே," என்றேன். "ஒரே பாய்ச்சலில் ராஜாவையும் ராணியையும் பிடிக்கும்."

நெடுநேரம் தடவினார். பிறகு, "உனக்கு யார் சொன்னது?" என்றார். நானே பார்த்தேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு நாங்கள் ஆடத் தொடங்கினோம். நான் வென்ற முதல் நாள் அவருக்கு இரத்த அழுத்தம். இரண்டாம் நாள் ஷிரோக்கோ என்ற வெக்கைக் காற்று. மூன்றாம் நாள் கீழ்வீட்டில் சுவர் துளைத்தார்கள். அவருடைய புத்தகங்களில் தோற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான்: ஈரல் நோவு, தடிமன் காய்ச்சல், அடுத்த மேசைச் சத்தம். சுகமாக இருந்த ஒருவரை யாராவது வென்றதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. நான் வெல்வதை அவர் கழகத்தில் ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. அப்புக்காத்து வந்து இந்தியன் வேண்டும் என்று கேட்ட அன்றும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கழகத்தின் பிறந்தநாளுக்கு, பழைய நகரத்தின் கால்சாப் பகுதியில் புதுப்பித்த ஒரு பழைய மாளிகையில் விழா. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடுப்பு, மணல் கடிகாரம், பழைய ஆட்டங்களை அப்படியே மேடையில் ஆடிக்காட்டுவது. அதில் ஒன்று கல்கத்தாவில் நடந்தது: ஒரு ஸ்கொட்லாந்து வழக்கறிஞரும் ஒரு வங்காளப் பிராமணனும் ஆடி, இருபத்தெட்டாவது நகர்த்தலில் பிராமணன் தோற்றது. அப்புக்காத்து வழக்கறிஞராக நடிப்பார். பிராமணனுக்கு ஆள் வேண்டும்.

நான் நகவெட்டியைக் கீழே வைத்தேன்.

"நான் ஆடுவேன்," என்றேன். "எனக்குச் செஸ் தெரியும்."

அப்போதுதான் அப்புக்காத்து என்னைப் பார்த்தார். அன்பாகத்தான் சிரித்தார். "சிஞ்ஞோரா, அந்தக் காலத்தில் கழகத்துக்குள் பெண்கள் வந்ததில்லை. நாங்கள் சரித்திரத்தைப் பிழையில்லாமல் காட்டவேண்டும்."

"என்னுடைய கணவர் இந்தியன் இல்லை."

"பார்வைக்கு வித்தியாசம் தெரியாது."

என் கணவர் இந்தியன் இல்லை. பிராமணன் இல்லை. குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவருக்குத் தெரியாது. இந்த மூன்றாலும் சரித்திரம் பிழையாகவில்லை. நான் பெண் என்பதால் மட்டும் பிழையாகிவிடும். நொத்தாரிசு ஏதாவது சொல்வாரென்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் மற்றக் காலை நீட்டினார்.

அன்று வீட்டுக்குப் போகும்போதே செய்தி எனக்கு முன் போய்விட்டது. அப்புக்காத்து வாசலிலேயே என் கணவரைப் பிடித்துவிட்டார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னன். வேறை என்ன சொல்ல? ஒரு மணித்தியாலம் தலைப்பாகை கட்டினால் என்ன தேயப்போகுது?"

"உங்களுக்குச் செஸ் தெரியாது."

"நீர் சொல்லித் தாருமன்."

நாங்கள் இருப்பது அல்பெர்கேரியாவில், பல்லறோச் சந்தைக்கு மேலே இரண்டு அறை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எனக்கு விடுமுறை. ஐந்து வாரம் அந்த விடுமுறை முழுக்கச் சமையல் மேசையில் பலகையை விரித்து, என் புருஷனுக்குத் தோற்பதற்கான இருபத்தெட்டு நகர்த்தல்களைப் பாடமாக்க வைத்தேன். கீழே மீன்காரன் கத்துவான். மேலே நான் கத்துவேன். அவருக்குச் செஸ் விளங்கவில்லை, ஆனால் ஞாபகசக்தி நல்லது. அறுபது வீட்டுக் கடிதம் பிரிக்கிறவர். ஒவ்வொரு காய்க்கும் ஒரு குடித்தனக்காரரின் பெயர் வைத்தார். 'ரெண்டாம் மாடி டொக்டர் நாய்க்காரியிட்டைப் போறார், நாய்க்காரி மேலை ஏறுறா' என்று முணுமுணுத்து நகர்த்துவார். எங்கள் மகளுக்குச் சிரிப்பு அடங்காது. ஒருநாள் அவர் காயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சரும், தோக்கிறதுக்கு இவ்வளவு படிக்கவேணுமே?"

அன்றுதான் எனக்குச் சுரீரென்றது. அடுத்த நாள் நொத்தாரிசின் அலமாரியில் அந்தப் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தை எனக்காக வாசித்தேன். வழக்கறிஞருக்கு முழுப்பெயர், ஊர், தொழில், அவருடைய தகப்பனின் தொழில்கூட இருந்தது. எதிரில் இருந்தவர் வெறும் 'பிராமணன்'. அவர் ஊரில் கற்ற விதியில் சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் போகும். அதனால் மெதுவாக, பக்கத்திலிருந்து பிஷப்பை நீட்டி ஆடும் பழக்கம் அவருக்கு. ஐரோப்பாக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அதையே தாங்களும் ஆடி, அதற்கு 'இந்திய' என்று பெயர் வைத்தார்கள். ஆட்டத்துக்கு நாட்டின் பெயர் கிடைத்தது. அந்த மனிதனின் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அவர் அதிகம் தோற்றார் என்பது உண்மை. ஆனால் வென்றும் இருக்கிறார். ஓர் ஆட்டத்தில் தன் ராணியையே பலி கொடுத்து மேட் போட்டிருக்கிறார். அதுவும் அதே அத்தியாயத்தில், இரண்டு பக்கம் தள்ளி அச்சாகியிருந்தது.

அப்புக்காத்து மறுபடி வந்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

"இது இன்னும் அழகான ஆட்டம். இதை ஆடலாமே?"

அவர் பார்த்தார். "ஓ, இது அருமை," என்றார். மூடித் தந்தார். "ஆனால் நிகழ்ச்சிநிரல் அச்சடித்தாகிவிட்டது."

நிகழ்ச்சிநிரல் அச்சடிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பிறகு அதை அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது என் கணவர்தான்.

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், கோட் வாங்கி மாட்டவும் தட்டம் சுமக்கவும். நொத்தாரிசைக் கைபிடித்து முன்வரிசையில் இருத்திவிட்டு நான் பின்னறைக்குப் போனேன். அங்கே உடுப்புக்குப் பொறுப்பான சிஞ்ஞோரா என் கணவருக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தா. நாடக உடுப்புக் கடையில் வாடகைக்கு எடுத்தது. நெற்றியில் சிவப்புக் கண்ணாடிக்கல், மேலே ஓர் இறகு. சட்டை இல்லை. தோளிலிருந்து இடுப்புக்குத் திரைச்சீலைக் கயிறு ஒன்று குறுக்கே தொங்கியது. பூணூலாம்.

என் கணவர் கையால் நெஞ்சை மறைத்துக்கொண்டு தமிழில் சொன்னார். "இந்தக் கயிறு வேண்டாம் எண்டு சொல்லும். கோயில் ஆக்கள் ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?"

நான் கயிற்றைக் கழற்றினேன். சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே வாங்கித் திரும்ப மாட்டினா. மறுபடி கழற்றினேன். "அன்பே, இது இல்லாவிட்டால் இவன் யார் என்று சனத்துக்கு எப்படி விளங்கும்?" என்று சொல்லி மறுபடி மாட்டினா. மூன்றாம் முறை என் கணவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடும், விடும். பிரச்சினை வேண்டாம்."

மண்டபத்தில் நூறு பேர் இருந்திருப்பார்கள். சுவரில் ஒரு பெரிய காட்சிப்பலகை. மேசையில் நடக்கும் ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு நரைத்த மனிதர் நீண்ட கோலால் அதில் மாற்றிக் காட்டுவார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி என்று பிறகு தெரிந்தது. முதல் ஆட்டம் பழைய இத்தாலியச் சட்டத்தில், எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது எங்களுடையது. என் கணவர் கூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒலிவாங்கியில் அப்புக்காத்து அவரை, "கங்கைக் கரையிலிருந்து வந்த மர்ம மனிதன்" என்று அறிமுகப்படுத்தினார். சிரிப்பு. மணல் கடிகாரத்தைத் திருப்பினார்கள்.

பதினெட்டு நகர்த்தல் வரை எல்லாம் சரியாகப் போயிற்று. நான் பாதாம் பிஸ்கற் தட்டத்தோடு பக்கச் சுவரோரம் நின்றேன். பத்தொன்பதாவதில் அப்புக்காத்து தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளவேண்டும். ராஜாவுக்கு மூச்சுவிட ஒரு கதவு. இருபதாவதில்தான் பின்வரிசைக் காவலுக்கு நிற்கும் கோட்டையை மேலே அனுப்பவேண்டும். ஆனால் அவர் ஆடிக்கொண்டே ஒலிவாங்கியில் கல்கத்தாவின் வெக்கையைப் பற்றிப் பகிடி சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு நடுவில் சிப்பாயை மறந்து நேரே கோட்டையைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்.

கதவு பூட்டியிருந்தது. காவலும் போய்விட்டது. கறுப்புக் கோட்டை நேரே கீழே இறங்கினால் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் மாதம் படிப்பிக்கும் மேட்.

என் கணவருக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் பாடத்தில் இல்லாத ஒன்று நடந்துவிட்டது என்பதுதான். கை பலகைக்கு மேலே நின்றுவிட்டது. வியர்வை கண்ணாடிக்கல்லுக்குக் கீழே வழிந்தது. கடிகாரத்தில் மணல் இறங்கிக்கொண்டிருந்தது. சனம் மெல்லச் சிரிக்கத் தொடங்கியது. அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

நான் நடந்தேன். யோசிக்கவில்லை. தட்டத்தை மேசை விளிம்பில் வைத்தேன். கறுப்புக் கோட்டையை எடுத்துக் கடைசி வரிசைவரை இறக்கினேன்.

"ஸ்காக்கோ மாத்தோ," என்றேன். என் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று எனக்குத் தெரியாது.

சுவரில் கோல் எழும்பியது. பஸ் சாரதி பெரிய பலகையிலும் கோட்டையைக் கீழே இறக்கினார். செஸ் தெரிந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். அப்புக்காத்து பலகையைப் பார்த்தார், முகம் சிவந்தது. பிறகு அந்தத் தொழில்காரச் சிரிப்பு திரும்பி வந்தது. ஒலிவாங்கியை எடுத்தார்.

"பாருங்கள், நண்பர்களே! பத்தொன்பதாம் நூற்றாண்டு புரட்சிகளின் நூற்றாண்டு என்பதை மறக்கவேண்டாம். வேலைக்காரி கலகம் செய்கிறாள்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கைதட்டினார்கள். நாடகத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துத்தான் தட்டினார்கள். அவர் கறுப்புக் கோட்டையைத் திரும்ப மேலே வைத்தார். தன் கோட்டையையும் பழைய இடத்தில் வைத்தார். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். என் தட்டத்தை எடுத்து என் கையில் தந்தார், மிகவும் மரியாதையாக.

நான் என் கணவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்புங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். அவர் பலகையைக் குனிந்து பார்த்தார். நாய்க்காரியைத் தேடி எடுத்து, பத்தொன்பதாவது பதிலை ஆடினார். இருபத்தெட்டாவதில் தோற்றார். எழும்பித் தலைகுனிந்து வணங்கினார், சொல்லிக்கொடுத்தபடி.

கோட்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பஸ் சாரதி என் முன்னால் வந்து நின்றார். "அது மேட்தான், சிஞ்ஞோரா," என்றார். "என்னால் முடிந்தவரை சுவரில் அப்படியே விட்டு வைத்தேன். பிறகு மாற்றச் சொல்லிக் கத்தினார்கள்." அல்பெர்கேரியாவில், ஒரு மாதா கோயில் மண்டபத்துக்குப் பின்னால், தாங்கள் சிலர் செவ்வாய்க்கிழமைகளில் ஆடுவதாகவும் சொன்னார். எனக்கு அப்போது ஒன்றும் காதில் ஏறவில்லை.

கால்சாவிலிருந்து வீடுவரை நடந்தோம். பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் எழும்பேல்லை நீங்கள்? நான் மேட் போட்டிட்டன். ஆட்டம் முடிஞ்சுது. என்னத்துக்குத் திரும்ப ஆடினனீங்கள்?"

அவர் நின்றார். நெற்றியில் தலைப்பாகையின் கோடு இன்னும் இருந்தது.

"மேட்டோ?"

"ஓம், மேட்!"

"எனக்கென்னண்டு தெரியும்? நீர் வைச்ச உடனை எல்லாரும் சிரிச்சவை. நீர் ஏதோ பிழை விட்டிட்டீர் எண்டு நான் நினைச்சன். உம்மைக் காப்பாத்தத்தான் கெதியா அடுத்ததை ஆடினனான்."

நடுத்தெருவில் நான் அழுதேன். ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. அவர்மேல் இருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. அந்தச் சிரிப்பின்மேல் வந்த கோபம்தான் இன்றுவரை ஆறவில்லை. நூறு பேரின் சிரிப்பைக் கேட்டால், என்னோடு பதினெட்டு வருடம் வாழ்ந்தவரே நான்தான் பிழை என்று முடிவெடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சிரிப்புக்கு அவ்வளவு பலம் கொடுத்தது யார்?

திங்கட்கிழமை நொத்தாரிசு கேட்டார். "சனிக்கிழமை என்ன நடந்தது? சிரித்தார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகையில் வை."

வைத்தேன். அவர் விரல் வெள்ளை ராஜாவைத் தடவியது, மூன்று சிப்பாய்களைத் தடவியது, வெறுமையான பின்வரிசையில் ஊர்ந்து கறுப்புக் கோட்டையில் நின்றது.

"மாத்தோ," என்றார் மெதுவாக. பிறகு, "அப்புக்காத்து போன் செய்தார். நீ மன்னிப்புக் கேட்டால் நல்லது என்று நினைக்கிறார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"உனக்குச் சொல்கிறேன் என்றேன்."

"எனக்குச் செஸ் தெரியும் என்று சொன்னீர்களா? உங்களை நான் எத்தனை முறை வென்றேன் என்று சொன்னீர்களா?"

அவர் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போடத் தொடங்கினார். நான் கழகத்தில் உறுப்பினராகச் சேர விரும்புவதாகச் சொன்னேன். கழகத்தின் பழைய சட்டப்படி விண்ணப்பத்தில் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்து வைக்கவேண்டும். அதையும் அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். "உனக்கு அது எதற்கு?" என்றார்.

அன்று மத்தியானம் நான் புத்தகத்தை எடுக்கவில்லை. மருந்து கொடுத்தேன், குளிப்பாட்டினேன், மீன் முள் எடுத்து ஊட்டினேன், கடற்கரைவரை நடத்திக் கூட்டிவந்தேன். ஒப்பந்தத்தில் உள்ள எதிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எதிர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணித்தியாலம். முதல் நாள் கோபித்தார். இரண்டாம் நாள் வானொலி போடச் சொன்னார். மூன்றாம் நாள் பழைய ஆட்டம் ஒன்றை மனதிலிருந்து சொல்லிப் பார்த்தார், நடுவில் மறந்துபோனார். நான் சரியான நகர்த்தலைச் சொல்லவில்லை. அது கொடுமை என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் கையை நீட்டினார்.

"அந்தக் காகிதத்தைக் கொண்டு வா."

எங்கே கையெழுத்து வைப்பதென்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். இரண்டாம் கையெழுத்தைப் பஸ் சாரதி வைத்தார், அவரும் கழகத்து உறுப்பினர்தான். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று கழகத்திலிருந்து கடிதம் வந்தது. கூட்டம் வந்தது, போனது. நிகழ்ச்சிநிரல் நீண்டுவிட்டதாம். அடுத்த கூட்டமும் போனது. போன் செய்தால், "பொறுமை, சிஞ்ஞோரா" என்கிறார்கள். என் கணவரைக் காணும்போதெல்லாம் அப்புக்காத்து என் சுகம் விசாரிக்கிறாராம்.

நான் செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து அந்த மாதா கோயில் மண்டபத்துக்குப் பின்னால் போகத் தொடங்கினேன். பிளாஸ்ரிக் காய்கள், ஆடும் மேசை, எட்டோ பத்தோ பேர். பெர்மெஸ்ஸோப் பிரதியைக் கொடுத்தேன். போட்டிகளில் ஆடுவதற்கான வீரர் அட்டை எடுத்துத் தந்தார்கள். இந்த வசந்தத்தில், நகரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த திறந்த போட்டியில் ஐந்து சுற்று ஆடினேன். இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி, ஒரு சமன். கடைசித் தோல்வி ஒரு செவிலியப் பெண்ணிடம், திராப்பனியிலிருந்து வந்தவ. நான் வெல்லவேண்டிய ஆட்டம். அவசரப்பட்டு பிஷப்பை மாற்றிக்கொண்டேன். அவ பிழை விடவில்லை. கைகுலுக்கி, "அந்த பிஷப்பை மாற்றாமல் விட்டிருந்தால் நான் தொலைந்திருப்பேன்" என்றா. இருவரும் அரைமணித்தியாலம் அந்த நிலையையே பிரட்டிப் பிரட்டிப் பார்த்தோம்.

பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். எவரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் சொந்த மடைத்தனத்தின்மேல் வந்த கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலிருக்கும்.

கதவைத் திறந்த என் கணவர் கேட்டார். "வெண்டிட்டீரோ?"

"தோத்திட்டன்."

"ஆர் சிரிச்சது?"

"ஒருத்தரும் சிரிக்கேல்லை. பிஷப்பைப் பிழையா மாத்திப்போட்டன். இருங்கோ, காட்டுறன்."

பலகையை விரித்தேன். கறி ஆறுகிறது என்றார். ஆறட்டும் என்றேன். அவர் கதிரையை இழுத்து எதிரில் உட்கார்ந்து, பிஷப் எது என்று கேட்டார்.